தோற்பதற்கு ஆகும் செலவு

டென்னிஸ் பேச்சு எடுத்தாலே எங்கிருந்தாவது ஒருவர் இந்த வாக்கியத்தை எடுத்துவிடுவார்: "திறமை இருந்தா எப்படியும் மேல வந்துடுவான்." வர்ணனையாளர்கள் இதையே கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார்கள். இதை மறுக்கவும் முடியாமல் ஒத்துக்கொள்ளவும் முடியாமல் ரொம்ப நாளாக எனக்குள் ஒரு நெருடல். மறுக்க முடியாததற்குக் காரணம் எளிது. மேலே வந்த எல்லோரிடமும் திறமை இருக்கிறது. ஒத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம், மேலே வராதவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். தூக்கம் பிடிக்காத இரவுகளில் ஐடிஎஃப் (சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு) நடத்தும் சின்னப் போட்டிகளின் நேரலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது என் வழக்கம். தரவரிசையில் 600, 900, 1,200 என்று இருக்கும் பையன்கள். அவர்கள் அடிக்கிற அடியைப் பார்த்துவிட்டு இவனுக்குத் திறமை போதாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஜூனியர் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருக்கும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "நீ சும்மா பரிதாபப்படறே. நூறாவது இடத்துல இருக்கறவனுக்கும் ஐந்நூறாவது இடத்துல இருக்கறவனுக்கும் உள்ள வித்தியாசம் உனக்கு ஸ்கிரீன்ல தெரியாது. எதிர்ல நின்னு பந்தை வாங்கிப் பாரு, அப்ப தெரியும்" என்றார். அவர் வாங்கிப் பார்த்தவர், அதனால் அதை நான் மறுக்கவில்லை. "வித்தியாசம் இருக்கு, சரி. அது பதினெட்டு வயசுலயே இருந்துச்சா, இல்ல அதுக்கப்புறம் வந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லாமல் வேறு பேச்சுக்குப் போய்விட்டார். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

கீழ்ப்படியின் கணக்கு

டென்னிஸின் உச்சியில் விம்பிள்டன் உள்ளிட்ட நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகள், அடுத்து மாஸ்டர்ஸ். அவற்றுக்கு வெகு கீழே சேலஞ்சர், அதற்கும் கீழே ஐடிஎஃப் போட்டிகள். ஆண்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எம்15. பெயரிலேயே தொகை இருக்கிறது, மொத்தப் பரிசு 15,000 டாலர். ஒற்றையரில் 32 பேர், இரட்டையரில் 16 ஜோடிகள், இத்தனை பேரும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்து ஆட்டம் வென்று கோப்பையைத் தூக்குகிறவருக்கு 2,160 டாலர். முதல் சுற்றில் தோற்றவருக்கு 156 டாலர், அதிலும் வரிப்பிடித்தம் உண்டு. பட்டம் வென்றால் 15 தரவரிசைப் புள்ளி. பிரதானச் சுற்றில் ஓர் ஆட்டம் மட்டும் வென்றால் ஒரே ஒரு புள்ளி. முதல் ஆட்டத்திலேயே தோற்றால் பூஜ்யம். தரவரிசையில் பெயரே இல்லாத புதுப் பையன் இந்தப் பிரதானச் சுற்றுக்குள் நேராக நுழையவும் முடியாது. தகுதிச்சுற்று ஆட வேண்டும். அதற்குப் பரிசுப் பணம் கிடையாது, நுழைவுக் கட்டணம் மட்டும் உண்டு. அடுத்தடுத்த நாட்களில் தகுதிச்சுற்று ஆட்டங்களை வென்று, களைத்துப்போய் உள்ளே வந்து, நன்றாக ஓய்வெடுத்து வந்திருக்கும் ஒருவரிடம் முதல் சுற்றில் தோற்றால் அந்த வாரம் கையில் 156 டாலர், கணக்கில் சுழி.

கிடைத்த புள்ளியும் நிரந்தரமில்லை. 52 வாரம் ஆனதும் கழன்றுவிடும். போன ஆண்டு இதே வாரம் அரையிறுதி வந்திருந்தால் இந்த ஆண்டு இந்த வாரமும் எங்கேயாவது அரையிறுதி வந்தாக வேண்டும், இல்லையென்றால் இறக்கம்தான். ஆறு மாதமாவது ஆடாமல் இருந்தால் பாதுகாக்கப்பட்ட தரவரிசை என்றொரு சலுகை இருக்கிறது, பழைய இடத்தை வைத்தே சில போட்டிகளில் நுழையலாம். ஆனால் மூன்று நான்கு மாதக் காயங்கள்தான் இளம் உடம்புகளுக்கு அதிகம் வருகின்றன, அவற்றுக்கு இந்தச் சலுகை பொருந்தாது. அதனால் முழுசாக ஆறாத மணிக்கட்டோடு ஊர் ஊராகப் போய் ஆடுகிறார்கள்.

செலவுக் கணக்கை ஐடிஎஃப் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தது. 2013-ஆம் ஆண்டை எடுத்துக்கொண்டு செய்த ஆய்வு அது. அந்த ஆண்டு தொழில்முறைப் போட்டிகளில் ஆடிய ஆண்களும் பெண்களும் சேர்த்து சுமார் 14,000 பேர். அதில் சுமார் 6,000 பேருக்கு ஒரு டாலர்கூடப் பரிசாகக் கிடைக்கவில்லை. விமானம், தங்குமிடம், சாப்பாடு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போடுவது, துணி துவைப்பது என்று எல்லாம் சேர்த்து ஓர் ஆண்டுச் செலவு ஆண்களுக்குச் சராசரியாக 38,800 டாலர், பெண்களுக்கு 40,180. கோச்சின் சம்பளம் இதில் சேரவில்லை. வரவும் செலவும் சரிக்குச் சரியாக நிற்கும் இடம் ஆண்களில் 336-வது ரேங்க், பெண்களில் 253. அந்த ஆய்வில் என்னை அதிகம் உறுத்தியது வேறொரு எண். முதல் தரவரிசைப் புள்ளி வாங்கிய நாளிலிருந்து முதல் நூறு இடத்துக்குள் வர ஆண்களுக்கு 2000-இல் சராசரியாக 3.7 ஆண்டு ஆனது. 2013-இல் அது 4.8 ஆகிவிட்டது. முதல் நூறுக்கு வந்தே விட்டவர்களின் சராசரி அது. வராதவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

ஆக, கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு, கையை விட்டுச் செலவு செய்துகொண்டே தோற்க வேண்டும். என் நண்பர் சொன்ன 'வித்தியாசம்' இந்த ஐந்து ஆண்டுக்குள்தான் எங்கோ உருவாகிறது என்று எனக்குத் தோன்றியது. ஆனால் பணம் இல்லாததால் மட்டும்தான் தேங்கிவிடுகிறார்கள் என்று அதோடு முடித்துக்கொள்ளவும் மனம் ஒப்பவில்லை. பணம் இருந்தும் தேங்கியவர்கள் இருக்கிறார்களே.

2013, விம்பிள்டன், சிறுவர் பிரிவு

ஏதோ தேடப்போய் 2013 விம்பிள்டன் சிறுவர் பிரிவின் ஆட்ட அட்டவணை கண்ணில் பட்டது. பழைய அட்டவணைகளைப் படிப்பது ஒரு விதமான வியாதி, இருக்கட்டும். இறுதியாட்டத்தில் இத்தாலியின் ஜியான்லூய்ஜி குவின்சி, தென்கொரியாவின் சுங் ஹியோனை நேர் செட்களில் வென்றிருந்தார். அதற்கு முந்தைய சுற்றில், அரையிறுதியில், குவின்சி வென்றது பிரிட்டனின் கைல் எட்மண்டை. அதுவும் நேர் செட்கள்தான். குவின்சிக்கு அப்போது 17 வயது. ஜூனியர் தரவரிசையில் உலகின் முதலிடத்தையும் எட்டினார். 1987-க்குப் பிறகு அந்தக் கோப்பையை வென்ற முதல் இத்தாலியர். ஒரு நாடே அடுத்தவன் இவன்தான் என்று காத்திருந்தது.

இப்போது 2018 ஆஸ்திரேலிய ஓபனுக்கு வாருங்கள். சுங் நான்காவது சுற்றில் ஜோகோவிச்சை மூன்று செட்களில் வீழ்த்தி அரையிறுதி வரை போனார். அட்டவணையின் மறுபக்கத்து அரையிறுதியில் எட்மண்ட். ஏறக்குறைய ஐந்து ஆண்டுக்கு முன்னால் ஒரே வாரத்தில் ஒரே பையனிடம் தோற்ற இருவரும் ஒரே கிராண்ட்ஸ்லாமின் கடைசி நால்வரில் நின்றார்கள். இருவரையும் வென்றவர் முதல் நூறு இடங்களுக்குள் ஒருநாள்கூட வரவில்லை. 2021-இல், 25 வயதில், ஆடியது போதும் என்று நிறுத்திக்கொண்டார்.

இந்த மூன்று பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 'திறமை இருந்தா வந்துடுவான்' கட்சிக்கு இது பெரிய அடி. மூவரில் யார் திறமைசாலி என்று 2013 ஜூலையில் கேட்டிருந்தால் ஸ்கோரே பதில் சொல்லியிருக்கும். 'பணம்தான் எல்லாம்' கட்சிக்கும் இது அடிதான். விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்ற இத்தாலியப் பையனுக்கு ஆதரவுக்கும் அழைப்புக்கும் குறைவிருந்திருக்காது. நான்கு ஆண்டு கழித்து, 21 வயதுக்குட்பட்டோருக்காக மிலானில் ஏடிபி (ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பு) புதிதாகத் தொடங்கிய போட்டியில் குவின்சியும் சுங்கும் ஒரே பிரிவில் வந்தார்கள். மற்றவர்கள் தரவரிசையால் தகுதி பெற்றிருக்க, குவின்சி உள்ளூர் வீரர்களுக்கான தகுதிப் போட்டியை வென்று உள்ளே வந்திருந்தார். இருவரும் மோதிய ஆட்டம் ஐந்து செட் போனது. கடைசி செட்டில் சுங் தப்பித்தார், அப்புறம் அந்தப் போட்டியையே வென்றார். அதாவது 2017-இலும் நேருக்கு நேர் நின்றால் இவர்களுக்கிடையே இருந்த இடைவெளி ஒன்றிரண்டு கேம்தான். தரவரிசையில் அது நூற்றுக்கணக்கான இடங்களாகத் தெரிந்தது.

அங்கேதான் என் கேள்வி கொஞ்சம் உருமாறியது. யாருக்குத் திறமை, யாருக்குப் பணம் என்பதை விட்டுவிட்டு, இந்த ஐந்து ஆண்டில் யார் எப்படித் தோற்றார்கள் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

வாராவாரம் தோற்பது

ஜூனியர் டென்னிஸில் முதல் பத்துக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தோல்வி அபூர்வம். பத்து வயதிலிருந்தே வெற்றிதான் பழக்கம். பெரியவர்கள் பக்கம் வந்ததும் இது தலைகீழாகிறது. 32 பேர் ஆடும் போட்டியில் 31 பேர் தோற்றுத்தான் ஊர் திரும்ப வேண்டும். ஆண்டுக்கு 25 வாரம் ஆடி இரண்டு பட்டம் வென்றாலும், மீதி 23 வாரம் தோல்வியில்தான் முடியும். அதுவும் அமோகமான ஆண்டு என்றுதான் கணக்கு. வேறு எந்த வேலையில் வாரக் கடைசியில் கட்டாயம் ஒருமுறை நிராகரிக்கப்படுகிறோம்?

அண்மையில் நேரலையில் பார்த்த ஓர் ஆட்டம் இதற்குப் பொருத்தமாக இருக்கும். ஒரு பக்கம் ஜூனியரில் பெயர் எடுத்து வந்த பையன். பந்தை அடித்தால் கேமராவின் மட்டமான மைக்கிலும் அந்தச் சத்தம் தனியாகக் கேட்கிறது. மறுபக்கம் முப்பதை நெருங்கும் ஒருவர், முழங்காலில் பட்டை. பந்து பொறுக்கப் பிள்ளைகள் இல்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் இடையே இருவரும் வேலிவரை நடந்துபோய்ப் பந்தை எடுத்து வருகிறார்கள். பையன் விரைந்து நடக்கிறான், மூத்தவர் மெதுவாக, மூச்சு சமனாகும்வரை. பார்வையாளர்கள் நான்கைந்து பேர், அவர்களும் அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருப்பவர்கள்போலத் தெரிந்தார்கள். முதல் செட்டில் 4–4, 30–30, எல்லாம் சமம். பையனின் முதல் செர்வ் நெட்டில் விழுந்தது. இரண்டாவது செர்வுக்கு அவன் பந்தைத் தட்டத் தொடங்கியதும் மூத்தவர் ஓரடி உள்ளே வந்து நின்றார். வேறொன்றும் செய்யவில்லை, ஓரடி. பையன் தட்டுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தான், மறுபடி தட்டினான், டபுள் ஃபால்ட் போட்டான், அதாவது இரண்டாவது செர்வும் தவறிப் புள்ளி போனது. அடுத்த புள்ளியில் மூத்தவர் பின்னால் போய் நின்று உயரமாக ஒரு பந்தைத் தூக்கிப்போட்டார், அவன் அடித்து வெளியே விட்டான். அந்த கேம் போனது, செட் போனது, இரண்டாவது செட் வேகமாகப் போனது. அடிக்கிற அடியை மட்டும் பார்த்தால் பையன்தான் மேல். ஆனால் அந்த ஓரடியை எதிர்கொள்ள வேண்டுமானால் அந்த மாதிரி ஆட்களிடம் நிறையத் தோற்றிருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

தோற்றுக் கற்றுக்கொள்ளலாம் என்று சொல்வது எளிது. அடுத்த வாரம் இன்னொரு போட்டி இருந்தால்தான் இந்த வாரத் தோல்வி பாடமாகும். இந்த வாரம் தோற்றால் கையிருப்பு தீர்ந்தது என்கிற நிலையில் ஆடுகிறவன், 30–30-இல் எப்படி செர்வ் போடுவான் என்று நினைக்கிறீர்கள்? பணமுடை வங்கிக் கணக்கோடு நிற்பதில்லை, கைக்குள் இறங்கிவிடுகிறது. கோச் இல்லாமல் பயணம் போகிறான், அதனால் தோல்விக்குப் பிறகு எதனால் தோற்றோம் என்று சொல்ல ஆளில்லை. தன் ஆட்டத்துக்கு ஏற்ற தளத்தில் நடக்கும் போட்டியை விட்டுவிட்டு, பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் நடப்பதைத் தேர்ந்தெடுக்கிறான். புது ஸ்ட்ரிங் போட யோசித்து, தொய்ந்துபோன ராக்கெட்டோடு ஒரு செட் ஆடுகிறான். மறுநாள் மோதப்போகிறவனோடு ஒரே அறையில் படுத்துக்கொள்கிறான். இப்படி ஐந்து ஆண்டு போனால், நூறாவது ஆளுக்கும் ஐந்நூறாவது ஆளுக்கும் இடையே என் நண்பர் கண்ட அந்த வித்தியாசம் கட்டாயம் வந்துவிடும். அது பொய்யான வித்தியாசமும் இல்லை. எதிரே நின்று பந்தை வாங்கினால் நிஜமாகவே தெரியும். 

குவின்சியின் சிக்கல் வேறு வகை என்று நினைக்கிறேன், இது என் ஊகம்தான். அவர் தோற்றால் அது செய்தி. சேலஞ்சர் முதல் சுற்றில் எத்தனையோ பதினெட்டு வயதுப் பையன்கள் தோற்கிறார்கள், யாருக்கும் தெரிவதில்லை. விம்பிள்டன் ஜூனியர் சாம்பியன் தோற்றால் 'என்ன ஆச்சு இவனுக்கு' என்று ஒரு நாடே கேட்கும். கோச்சுகள் மாறினார்கள், திட்டங்கள் மாறின. பர்ஸ் காலியாக இருக்கிறவனைப் போலவே, எல்லோர் கண்ணும் மேலே இருக்கிறவனாலும் நிம்மதியாகத் தோற்க முடியாது.

இதற்கு நேரெதிர், பின்னாளில் உலகின் முதலிடம் பிடித்த இத்தாலியின் யானிக் சின்னர். 13 வயதுவரை பனிச்சறுக்கிலும் பெயரெடுத்த பையன். மலையிலிருந்து இறங்கி, வீட்டை விட்டு, கடற்கரை ஊரான போர்டிகெராவில் ரிக்கார்டோ பியாட்டியிடம் சேர்ந்தார். ஜூனியர் கோப்பைகளைச் சேர்ப்பதைவிடப் பெரியவர்களோடு ஆடுவதே மேல் என்பது அங்கே எடுத்த முடிவு. அதனால் ஜூனியர் தரவரிசையில் அவர் பெயரைத் தேடினால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பதினாறு, பதினேழு வயதில் ஐடிஎஃப் போட்டிகளில் தோற்றுக்கொண்டிருந்தார், யாரும் கவனிக்கவில்லை. 2019 பிப்ரவரியில், 500-க்கும் கீழே இருந்தபோது, பெர்காமோ சேலஞ்சரை வென்றார். அதற்குப் பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மேதை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மேதைக்குச் சத்தமில்லாமல் தோற்க ஓர் இடமும் கிடைத்தது.

அந்த இடம் யாருக்குக் கிடைக்கிறது

பெற்றோர் செலவு செய்வதுதான் உலகம் முழுக்க முதல் வழி. வீட்டை அடகு வைத்த கதைகளும் கடன் வாங்கிய கதைகளும் டென்னிஸில் சலிக்கும் அளவுக்கு உண்டு. இரண்டாவது வழி, பிறந்த நாடு. கிராண்ட்ஸ்லாம் நடத்தும் நான்கு நாடுகளில் பிறந்த இளைஞருக்கு வைல்டு கார்டு என்ற கதவு இருக்கிறது, தரவரிசை பார்க்காமல் போட்டி நடத்துகிறவர்களே தரும் இடம். பிரதானச் சுற்றில் 128 இடத்தில் 8 இடம் அதற்கு. அமெரிக்கா, பிரான்ஸ், ஆஸ்திரேலியா மூன்றும் தங்களுக்குள் வைல்டு கார்டைப் பரிமாறிக்கொள்வதும் உண்டு. 2025 அமெரிக்க ஓபனில் ஒற்றையர் முதல் சுற்றில் தோற்றவருக்கு 1,10,000 டாலர். எம்15 முதல் சுற்றில் 700 முறைக்கு மேல் தோற்றால்தான் அந்தத் தொகை வரும். வைல்டு கார்டில் உள்ளே போய், முன்னணி வீரர் ஒருவரிடம் ஒன்றரை மணி நேரத்தில் தோற்று வெளியே வந்தாலும் அந்தப் பையனுக்கு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுச் செலவு கையில் வந்துவிடுகிறது. இதை அநியாயம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது, போட்டி நடத்துகிறவர்கள் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது இயல்புதான். ஆனால் 'திறமை இருந்தா வந்துடுவான்' என்று சொல்கிறவர் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது வழி அமெரிக்கக் கல்லூரிகள். முன்பெல்லாம் கல்லூரிக்குப் போனால் தொழில்முறைக் கனவுக்கு முழுக்குப் போட்டதாக அர்த்தம். இப்போது அப்படியில்லை. கேமரன் நோரி, டேனியல் காலின்ஸ், எம்மா நவாரோ எல்லோரும் அந்த வழியாக வந்தவர்கள். பென் ஷெல்டன் 2022-இல் கல்லூரிச் சாம்பியன். 2023 தொடக்கத்தில் முதல்முறையாக அமெரிக்காவை விட்டு வெளியே பயணம் போனார், போன இடத்தில் ஆஸ்திரேலிய ஓபன் காலிறுதி. சம்பளம் கொடுக்காமலே கோச், ஃபிசியோ, ஆடுகளம், ஆட்டங்கள் எல்லாம் கிடைக்கும் சில ஆண்டுகள். என் பாஷையில் சொன்னால், இலவசமாகத் தோற்க நான்கு ஆண்டு.

இந்த மூன்றும் போதுமான அளவு வாய்க்காதவர்கள் என்னென்னவோ செய்கிறார்கள். ஜெர்மனியின் டஸ்டின் பிரவுன் பெற்றோர் வாங்கிக் கொடுத்த ஃபோக்ஸ்வேகன் வேனில் படுத்துத் தூங்கி, அதிலேயே ஐரோப்பா முழுக்கப் போட்டி போட்டியாகப் போனார். வேனில் ஒரு ஸ்ட்ரிங் போடும் இயந்திரமும் இருந்தது. மற்ற வீரர்களின் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் போட்டுக் கொடுத்துக் காசு பார்த்தார். பின்னாளில் 2015 விம்பிள்டனில் நடாலை வென்றார். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்டோபர் ஓகானல் படகு கழுவும் வேலை பார்த்தார். 2023-இல் இந்தியாவின் சுமித் நாகல், தன் வங்கிக் கணக்கில் 900 யூரோ மட்டுமே இருப்பதாகப் பேட்டியில் சொன்னார். அடுத்த சில மாதத்தில் 2024 ஆஸ்திரேலிய ஓபனில் தகுதிச்சுற்று ஆடி உள்ளே வந்து, தரவரிசைப்படி முன்னணி வீரராக (சீடு) இடம்பெற்றிருந்த அலெக்சாண்டர் பூப்ளிக்கை வென்றார். எல்லாம் நெஞ்சை அள்ளும் கதைகள்தான். ஆனால் இவை நமக்குத் தெரியவந்ததே இவர்கள் ஜெயித்ததால்தானே? வேனில் தூங்கியும் 400-க்கு மேல் வராதவரை யாரும் பேட்டி எடுக்கப்போவதில்லை. இந்தக் கதைகளைக் காட்டி, 'பார், கஷ்டப்பட்டால் வரலாம்' என்று சொல்வது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத வழக்கம்.

பெண்கள் பக்கம் ஒரு விஷயம் முன்பே உணரப்பட்டது. ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-இல், 14 வயது நிறைவதற்குச் சில வாரம் முன்பு, தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். முதல் போட்டியிலேயே இறுதியாட்டம். 1992-இல் ஒலிம்பிக் தங்கம். அடுத்த இரண்டு ஆண்டுக்குள் எல்லாம் சிதறி ஆட்டத்தை விட்டே விலகியிருந்தார். பிறகு திரும்பி வந்து 2001-இல் ஆஸ்திரேலிய ஓபனை வென்றது வேறு கதை. அவர் அப்படிச் சிதறியதைப் பார்த்தபிறகு டபிள்யூடிஏ (பெண்கள் டென்னிஸ் சங்கம்) வயது வரம்பு விதியைக் கொண்டுவந்தது. 14 முதல் 18 வயதுவரை ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் ஆடலாம், வயது ஏற ஏற எண்ணிக்கை கூடும். விதியின் நுணுக்கங்களோடு சண்டை போடலாம். ஆனால் பிள்ளைகளை அப்படியே உள்ளே விட்டுவிட்டு மிஞ்சுகிறவர் மிஞ்சட்டும் என்று இருக்க முடியாது என்பதை ஒரு விளையாட்டு எழுத்தில் ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம்.

தோல்விக்கு விலை பேசுகிறவர்கள்

தோற்றால் 156 டாலர். வேண்டுமென்றே தோற்றால் பல மடங்கு தர ஆள் தயார். கீழ்ப்படி டென்னிஸின் மிக அசிங்கமான பக்கம் இது. நான்கு பேர் பார்க்கும் அந்த ஆட்டத்தின் ஒவ்வொரு புள்ளியும் அடுத்த நொடியே உலகமெங்கும் சூதாட்ட நிறுவனங்களுக்குப் போகிறது, அந்தத் தரவை விற்கிறார்கள். 2018-இல் வெளிவந்த சுயேச்சையான ஆய்வுக் குழுவின் அறிக்கை, முதல் 250 முதல் 350 பேருக்குத்தான் செலவுக்குக் கட்டுப்படியாகிறது, தொழில்முறை வீரர் என்று பெயருக்கு இருப்பவர்களோ 15,000 பேர் என்று சொல்லி, முறைகேட்டுக்கு இதுவே விளைநிலம் என்றது. பெல்ஜியத்தில் 2023-இல் தண்டனை பெற்ற கிரிகோர் சர்க்சியான் என்ற சூதாட்டத் தரகரின் வலையில் பல நாடுகளைச் சேர்ந்த 180-க்கும் மேற்பட்ட வீரர்கள் இருந்தார்கள். பல நேரம் ஒரு செட், ஒரு கேம், அவ்வளவுதான் கேட்பார்கள். ஆட்டத்தையே விட்டுக்கொடுக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதற்கு உடன்பட்ட எல்லோரையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் மாட்டுகிறவர்கள் பெரும்பாலும் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

நேர்மையாகத் தோற்றாலும் விடுவதில்லை. ஆட்டம் முடிந்து போனைக் கையில் எடுத்தால் முன்பின் தெரியாதவர்களின் வசைகள், தாயைப் பற்றி, சாவைப் பற்றி. டபிள்யூடிஏவும் ஐடிஎஃபும் 2024-ஐப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், 458 வீரர்களுக்கு வந்த சுமார் 8,000 வசைப் பதிவுகளில் 40 சதவீதம் பந்தயத்தில் பணம் விட்டவர்களுடையது என்று இருக்கிறது. நான் பார்த்த அந்த டபுள் ஃபால்ட்டுக்கும் எங்கோ ஒருவர் பணம் கட்டியிருப்பார். பத்தொன்பது வயதில் அதைத் தனி ஆளாக ஒரு விடுதி அறையில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

மாற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏடிபி 2024-இலிருந்து ஒரு குறைந்தபட்ச வருமானத் திட்டத்தை வைத்திருக்கிறது. தொடங்கியபோது, ஓர் ஆண்டில் முதல் நூறு பேருக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000. பரிசுப் பணம் அதற்குக் குறைந்தால் மீதியை ஏடிபி போட்டுத் தரும். முதல்முறையாக 125-க்குள் வருகிறவருக்கு 2,00,000 டாலர் முன்பணமும் உண்டு. நல்ல திட்டம்தான். ஆனால் 250-இல் நின்றுவிடுகிறது, அந்த ஐந்து ஆண்டுகளோ பெரும்பாலும் அதற்குக் கீழேதான் கழிகின்றன. ஜூனியர் தரவரிசையில் முதல் 20 பேருக்குச் சேலஞ்சர் போட்டிகளில் இடம் ஒதுக்கும் திட்டமும் வந்திருக்கிறது. அதுவும் நல்லதே. ஆனால் ஜூனியரில் முதல் 20-க்குள் வரவே கண்டம் விட்டுக் கண்டம் பறந்து ஆட வேண்டும். அதற்கு வசதி இருந்தவர்களுக்கு இன்னொரு படிக்கட்டு கிடைத்திருக்கிறது.

நானும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் போட்டிகள் 1998-இல் ஃபியூச்சர்ஸ் என்ற பெயரில் தொடங்கியபோது கீழ்ப்படியின் மொத்தப் பரிசு 10,000 டாலர். 2017-இல் அது 15,000 ஆனது, 2025-இலும் அதேதான். ஓர் எம்15 போட்டியில் முதல் சுற்றில் தோற்பவர்கள் 16 பேர். அவர்களின் 156 டாலரை இரட்டிப்பாக்க ஒரு போட்டிக்குக் கூடுதலாக ஆவது 2,496 டாலர். 2025 அமெரிக்க ஓபன் ஒற்றையர் சாம்பியன் ஒருவருக்குக் கொடுத்தது 50 லட்சம் டாலர். அந்த ஒரு காசோலையில் 2,000 எம்15 போட்டிகளுக்கு இந்த இரட்டிப்பைச் செய்துவிடலாம், ஆண்டு முழுக்க உலகத்தில் நடக்கிற ஆண்கள் ஐடிஎஃப் போட்டிகள் எல்லாம் சேர்த்தாலும் சில நூறுதான். சாம்பியனின் பணத்தைப் பிடுங்கச் சொல்லவில்லை, இரண்டும் வேறு வேறு பெட்டியிலிருந்து வரும் பணம் என்பதும் தெரியும். இதை என் கோச் நண்பருக்கு அனுப்பினேன். "312 டாலர் வந்தா மட்டும் அவன் ஜெயிச்சுடுவானா?" என்று கேட்டார். ஜெயிக்க மாட்டான், அடுத்த வாரமும் வந்து தோற்பான் என்று பதில் போட்டேன்.